எயிற்பட்டினத்து வழியில் ஒரு பகல்

வழி சொல்வதையே ஒரு கவிதைக் கலையாக வளர்த்தெடுத்த மொழி நம்முடையது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, இந்த ஊர் வழியாகப் போ, அங்கே இன்ன பூ பூத்திருக்கும், இன்னார் வீட்டில் இன்னது உண்ணத் தருவார்கள் என்று ஆற அமரச் சொல்லி அனுப்புவதுதான் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் இப்படி ஒரு வழியைச் சொல்கிறது. வங்கக் கரையின் எயிற்பட்டினத்தில் கால்வைத்து, வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களைத் தொட்டு, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கிலில் போய் நிற்கும் வழி அது. அந்த வேலூர் கோட்டை வேலூர் அன்று. இந்தப் பக்கத்து உப்புவேலூர் என்பார்கள். கிடங்கில் இன்று திண்டிவனத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் துணிபு.

அந்தப் பழைய நாட்டின் கடலோர விளிம்பை மட்டும் ஒரு முழுப் பகலில் பார்த்து வரலாம், வாருங்கள். ஆரோவில்லில் தொடங்கி இரும்பை, காலாப்பட்டு, புத்துப்பட்டு, கழுவெளி, மரக்காணம் என்று வடக்கே போய், ஆலம்பரையில் முடித்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கிப் பறக்கும் கார்களுக்கு இது ஒரு மணி நேரப் பாதை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு பனைவரிசையும் ஒரு வெள்ளைக் குவியலும் தெரியும், அவ்வளவுதான். பிரான்சு நாட்டுக் கிராமங்களில் ஒரு பகல் சும்மா சுற்றி வருவதை வாழ்நாள் ஆசையாக வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. கல் பாவிய சந்துகளும் கொடி படர்ந்த சன்னல்களும் பழைய தேவாலய மணிக்கூண்டும் அழகுதான், மறுப்பில்லை. ஆனால் அதே பிரெஞ்சுக்காரர்கள் 1674இல் புதுச்சேரியில் காலூன்றியதிலிருந்து திரும்பத் திரும்ப வந்து மனம் பறிகொடுத்த நாட்டுப்புறம் இது. அவர்கள் இதில் எதைக் கண்டார்கள் என்று நாமும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டாமா?

முதலில் மண். ஆரோவில்லுக்குள் தார்ச்சாலை முடிந்து செம்மண் தடம் தொடங்கும் இடத்தில் வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள். விடியற்காலைப் பனி இன்னும் ஈரமாகப் படிந்திருக்கும்போது இந்த மண்ணுக்கு ஆழ்ந்த குங்கும நிறம். வெயில் ஏற ஏற அது வெளுத்துக் காவியாகும். பிற்பகலில் ஒரு சைக்கிள் போனாலும் போதும், பின்னாலேயே பொன்னும் செம்பும் கலந்த புழுதி எழுந்து, இறங்க மனமில்லாமல் காற்றில் நிற்கும். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். மாவாய்ப் பொடிந்த செந்தூளுக்கு நடுவே, உருண்டு வழவழப்பான சின்னஞ்சிறு வெண்பரல்கள் கிடக்கும். இரும்புச் சத்து ஏறிக் கறுத்த குன்றிமணி அளவுக் கற்களும் ஒன்றிரண்டு தென்படும். தடத்தின் இருபுறமும் நிற்கும் செடிகளைக் கவனியுங்கள். முழங்கால் உயரம்வரை இலைகளெல்லாம் செந்நிறம். அதற்கு மேல் பளிச்சென்ற பச்சை. யாரோ கோடு போட்டு வண்ணம் பூசியதாகத் தோன்றும் அந்த எல்லை, மழை வந்த மறுநாள் காணாமல் போய்விடும்.

1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் பிடிமண்ணை இளைஞர்கள் கொண்டுவந்து இந்தச் செம்மேட்டில் தாமரை மொட்டு வடிவத் தாழி ஒன்றில் இட்டார்கள். பாரீசில் பிறந்த ஸ்ரீ அன்னையின் கனவான ஆரோவில் நகரம் அன்று தொடங்கியது. நகரை வரைந்தவர் ரோஜர் ஆன்ழே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். 1971இல் தொடங்கி 2008இல் முடிந்த தியான மண்டபமான மாத்ரி மந்திரின் பொன்வட்டுகளைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் உங்களை அழைத்துப் போக விரும்புவது அதற்கும் எளியதான ஒன்றிடம்: காட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு வளைந்து வளைந்து ஓடும் மண்கரைகள்.

முதலில் வந்தவர்கள் கண்டது ஏறத்தாழ மொட்டை மேடு. மழை பெய்தால் மண்ணைச் சீவிக்கொண்டு செந்நீராய்க் கடலுக்கு ஓடியது. ஓடிய வழியெல்லாம் பள்ளத்தாக்குகள் பிளந்தன. நட்ட கன்று பிழைக்க வேண்டுமானால் முதலில் மழையை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கரைகள். மேட்டின் சரிவைக் கண்ணால் அளந்து, நீர் எங்கே தயங்கும், எங்கே தாவும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டவை. சுற்றுவட்டாரக் குயிலாப்பாளையம், எடையஞ்சாவடிக் கைகளும் வெளிநாட்டுக் கைகளும் சேர்ந்து மண்வெட்டி பிடித்தன. இன்று அவற்றின்மேல் சருகு மூடி, வேர் பின்னி, பாசி படர்ந்துவிட்டது. நேர்க்கோடு ஒன்றுகூடக் கிடையாது. நிலம் சொன்ன வளைவை அப்படியே கேட்டுக்கொண்ட கரை. அந்தப் பணிவில் எத்தனை நளினம்! ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு நூறடி நடந்து பாருங்கள். மரங்களின் உயரம் பிறகுதான் கண்ணில் படும்.

ஆரோவில்லை விட்டு மேற்கே திரும்பினால் சிறிது தூரத்தில் இரும்பை. ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர். திருஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம் இதுதான். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டில் ஒன்று. உஞ்சையினி, அம்பர், இரும்பை என்று மாகாளங்களை மூன்றாக எண்ணுவார்கள். அம்மனுக்குக் குயில்மொழியம்மை என்று பெயர். அந்தப் பெயருக்காகவே ஒருமுறை போகலாம்.

கருவறையில் நிற்கும்போது தீபம் ஏறும் நொடியில் லிங்கத்தின் மேல்பாகத்தை உற்றுப் பாருங்கள். மூன்றாகப் பிளந்த திருமேனியைச் செப்புப் பட்டை ஒன்று அணைத்துப் பிடித்திருக்கிறது. கதை ஊரறிந்தது. கடுவெளிச் சித்தர், கோயிலில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் காலிலிருந்து சிலம்பு நழுவியதைக் கண்டார். ஆட்டம் கெட்டுவிடக் கூடாதே என்று தாமே எடுத்துப் பூட்டிவிட்டார். ஊர் சிரித்தது. அவர் சினந்து பாட, லிங்கம் வெடித்தது, நிலம் வறண்டது. என்றோ தூர தேசத்தவர் வந்து மண்ணைக் குளிர்விப்பார்கள் என்று சித்தர் சொல்லிவைத்ததாகவும் கதை நீளும். ஆரோவில்காரர்கள் இந்த வாலை ஆசையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், நல்ல கதைக்கு வால் முளைப்பது இயற்கை. என்னைக் கட்டிப்போடுவது அந்தப் பட்டைதான். உடைந்த மேனியை அகற்றிவிட்டுப் புதியதை நிறுத்தியிருக்கலாம். யாரோ ஒரு கன்னான் செம்பைத் தட்டி மெலிதாக்கி, கல்லின் வளைவுக்கு இசைய வளைத்து, பிளவை மறைக்காமல் பிளவைத் தாங்கும்படி செய்திருக்கிறான். கருங்கல்லின் கருமையும் செம்பின் இளஞ்சிவப்பும் எண்ணெய்ப் பளபளப்பில் சேர்ந்து மின்னும்போது, குற்றமற்ற லிங்கங்களில் காணாத ஒரு நெருக்கம் அங்கே தோன்றும்.

கடற்கரைச் சாலைக்கு வந்து வடக்கே போனால் காலாப்பட்டு. தமிழ்நாட்டுக்குள்ளிருந்து புதுச்சேரிக்குள் நுழைந்து, சற்று நேரத்தில் மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்துவிடுவோம். பிரெஞ்சு நிலமும் ஆங்கில நிலமும் பொட்டுப் பொட்டாகக் கலந்து கிடந்த காலத்தின் மிச்சம். பனைமரம் எந்தப் பக்கமும் ஒரே மாதிரிதான் நிற்கிறது. வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

கீழ்ப்புத்துப்பட்டில் நிறுத்துங்கள். மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காடு, இந்தக் கரையோரம் முழுதும் ஒருகாலத்தில் மூடியிருந்த பசுமைமாறாக் காட்டின் எஞ்சிய துண்டு. சாமிக்குப் பயந்து யாரும் கொப்பு ஒடிக்காததால் தப்பியது. ஆரோவில்காரர்கள் தங்கள் மேட்டுக்கு இந்த மண்ணின் மரங்களையே மீட்க நினைத்தபோது, இப்படிப்பட்ட கோயிற்காடுகள்தான் அவர்களுக்கு விதைப் பெட்டகம். மழைக்காடுகளின் ஓங்கி உயர்ந்த மரங்களை இங்கே தேடாதீர்கள். இங்குள்ளவை குட்டையானவை, அடர்ந்தவை. காசா, வீரை, பாலை என்று எல்லாமே சின்னச் சின்ன, தடித்த, மெழுகு பூசியதாக மின்னும் இலைகள். உப்புக்காற்றுக்கும் எட்டு மாத வெயிலுக்கும் ஈடுகொடுக்கக் கற்ற இலைகள். ஒரு காசா இலையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் பச்சைக் கண்ணாடி, அடிப்புறம் வெளிறிய மங்கல். அது நீலப் பூப் பூக்கும் நாட்களில் போக வாய்த்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். இலை இருக்கும் கொம்பிலேயே, கணுவுக்குக் கணு, ஊதாவும் நீலமும் கலந்த பொடிப்பூக்கள் அப்பிக்கொண்டிருக்கும். ஐயனாரின் குதிரைகள் அருகே கம்பீரமாக நிற்கின்றன. அவற்றைக் காண வருபவர்கள் நிமிர்ந்தே பார்த்துவிட்டுப் போகிறார்கள். சற்றுக் குனிந்து இந்தப் பூவையும் பார்க்கலாம்.

இனி நிலம் மெல்லத் தாழ்ந்து, வானம் அகலும். சாலைக்கு மேற்கே கழுவெளி. பல ஏரிகளின் வடிகால் நீர் வந்து தேங்கி, உப்புக்கழி வழியாக எடையன்திட்டுக் கழிமுகத்தில் கடலைத் தொடும் பெரும் நீர்ப்பரப்பு. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்து இதைச் சொல்வார்கள். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழை முடிந்த தை மாதத்தில் நீர் விளிம்பில் நின்றால், எது நீர், எது ஈரமண், எது வானத்தின் நிழல் என்று பிரிக்க முடியாது. கூழைக்கடா கூட்டமாக இறங்கும்போது காட்டும் நிதானத்தைப் பாருங்கள். சேற்றில் உள்ளான் ஓடும் ஓட்டத்தையும் பாருங்கள். நான்கு எட்டு விரைவாக, ஒரு நிறுத்தம், அலகை ஊசியாய் இறக்கி ஒரு குத்து, மறுபடி நான்கு எட்டு. பூநாரைகள் வந்திருந்தால் தொலைவில் வெளிறிய ஒரு இளஞ்சிவப்புக் கோடு தெரியும். அந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உப்பளத்தில் வேறு வடிவில் அதைக் காணலாம்.

மரக்காணம் வந்துவிட்டது. சாலையின் இரு பக்கமும் பாத்தி பாத்தியாகக் கண்ணாடி விரித்த வெளி. ஒவ்வொரு பாத்தியிலும் ஒவ்வொரு வானம். இங்கே நாம் அவசரப்படக் கூடாது. இந்தப் பகலின் பெரும் பொழுதை உப்புக்கே கொடுத்துவிடலாம்.

உப்பு தானாகக் காய்ந்து கிடைக்கிறது என்று நினைக்கிறோம். அது கையால் விளைவிக்கும் பயிர். தை பிறந்ததும், மழைநீரில் ஊறிக் குழைந்த பாத்தியின் தரையைச் சீராக்க வேண்டும். வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து, களிமண்ணை இறுக்கி, நீர் உறிஞ்சாத தளமாக்குகிறார்கள். அந்தத் தளம் முடிந்த நாளில் பார்த்தால், ஆயிரம் பாதங்கள் மிதித்த இடம் என்று நம்ப முடியாது. அவ்வளவு மட்டம், அவ்வளவு வழவழப்பு. பிறகு கழியிலிருந்து வரும் உவர்நீரைப் பாத்தி விட்டுப் பாத்தி மாற்றி வெயிலில் நிறுத்துவது. கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைத் தாங்கியிருக்கும். அது பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்வரை சோற்றுப்பு இறங்காது. முதலில் சுண்ணாம்பு பிரியும், அப்புறம் ஜிப்சம். நீர் 25 டிகிரி அடர்த்தியை எட்டியதும்தான் உப்பு பூக்கும். 30ஐ நெருங்குவதற்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெக்னீசியத்தின் கசப்பு சேர்ந்துவிடும். இந்த ஐந்து டிகிரி இடைவெளிக்குள் ஊருக்கெல்லாம் ருசி பிடிபடுகிறது. கருவி வைத்து அளப்பதும் உண்டுதான். ஆனால் அனுபவப்பட்டவர் வரப்பில் நின்று நீரின் நிறத்தைப் பார்த்தே நாளைக்கு வாரலாமா, நாளை மறுநாளா என்று சொல்லிவிடுவார்.

நிறம் என்றேன் அல்லவா. முதல் பாத்தியில் நீர் சாம்பல் பச்சை. அடுத்ததில் வானத்து நீலம். கடைசிப் பாத்திகளில், நல்ல கோடையில், ரோஜா இதழின் சாயல் ஏறியிருக்கும். மிகையான உப்பிலும் வாழும் நுண்பாசியும் நுண்ணுயிர்களும் தங்களைச் சூரியனிடமிருந்து காத்துக்கொள்ளச் சுரக்கும் நிறமி அது. கழுவெளியில் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தப் பூநாரைச் சிவப்பும் இதே குலத்து நிறமிகளை இரையிலிருந்து பெற்றதுதான். பாசியிலிருந்து இறால் பூச்சிக்கு, பூச்சியிலிருந்து பறவையின் இறகுக்கு என்று ஒரே சிவப்பு இடம் மாறி இடம் மாறிப் பயணம் போகிறது.

இப்போது வரப்பில் குந்தி, முகத்தை நீருக்கு அருகே கொண்டுபோங்கள். காற்றடங்கிய வேளையாக இருக்க வேண்டும். நீரின் மேல்தோலில் கடுகளவு சதுரம் ஒன்று மிதக்கும். அதன் விளிம்பில் மட்டும் உப்பு சேரும். தன் எடையால் அது மயிரிழை அமிழ, புதிய விளிம்பு சற்று அகலமாக மேலே வளரும். மறுபடி அமிழும், மறுபடி வளரும். சிறிது நேரத்தில், படிக்கட்டோடு வெட்டிய சதுரக் கோயில் குளமாக ஒரு பளிங்கு உருவாகி நிற்கும். நான்கு பக்கமும் படிகள், நடுவே பள்ளம், எல்லாமே ஒரு விரல்நகத்துக்குள். இப்படியொரு குளத்தை எந்தச் சிற்பியும் இத்தனை பிசகில்லாமல் வெட்டியதில்லை. லேசாக ஒரு காற்று வந்தால் போதும், அத்தனையும் பாரம் தாங்காமல் அடியில் போய்ச் சேர்ந்து, சாதாரண உப்பாகிவிடும்.

நான் இப்படிக் குனிந்திருந்ததைப் பார்த்து, கூடை தூக்கி வந்த ஒரு அம்மா நின்றார். "இன்னா சார், உப்பைப் போய் இப்படிப் பாக்கறீங்க?" என்றார். அழகா இருக்கும்மா என்றேன். சிரித்துவிட்டு, "அழகா இருக்கணும்னா பலகைய அமுக்கக் கூடாது சார். மேலால வாரினா வெள்ளை. அமுக்கினா மண்ணு ஏறிக்கும், கறுத்துப்பூடும்" என்று சொல்லிப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வாரும் பலகையைக் கவனிக்கத் தொடங்கினேன். நீளக் கம்பின் முனையில் ஒரு பலகை. அதை நீருக்குள் சற்றே சாய்த்து, களிமண் தளத்தைத் தொட்டும் தொடாமலும், ஒரே சீராக இழுக்கிறார்கள். இழுவை முடியும் இடத்தில் மணிக்கட்டில் ஒரு சிறு தூக்கல். உப்பு வரப்போரம் ஒதுங்க, நீர் பின்வாங்குகிறது. பலகை போன தடத்தில் நீர் கலங்குவதில்லை. கலங்கினால் கைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை என்று அர்த்தம். உப்புநீரில் நின்று வெடித்த கால்களும், வெள்ளை வெளிச்சத்தில் சுருங்கிப் பழகிய கண்களும் கொடுத்து வாங்கிய பக்குவம் அது.

பிரான்சின் அட்லாண்டிக் கரையில் கெராந்த் என்ற மதில் சூழ்ந்த பழைய ஊர் இருக்கிறது. அதன் புறத்தே இதே மாதிரிக் களிமண் பாத்திகள், இதே மாதிரி நீளக்கம்புப் பலகை, இதே கைவேலை. நீரின் மேலே மிதக்கும் மெல்லிய உப்பை அங்கே தனியாக வழித்தெடுத்து, சிறு பொட்டலங்களில் அடைத்து, உலகமெங்கும் சமையல் வல்லுநர்களுக்கு விற்கிறார்கள். விலையைக் கேட்டால் நம் வீட்டுப் பாட்டிகள் மயங்கி விழுவார்கள். அந்தப் பாத்திகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். மரக்காணத்து உப்பு சாக்கில் ஏறி லாரியில் போகிறது. கை நயத்தில் இரண்டுக்கும் நான் ஏற்றத்தாழ்வு காணவில்லை. விலையில் மட்டும்தான் அது இருக்கிறது.

பகல் உணவுக்கு ஊருக்குள் போனால், நல்லியக்கோடனைத் தேடிப்போன பாணனுக்குச் சொல்லப்பட்ட விருந்து நினைவுக்கு வரும். எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் பழைய தேறலும், சுட்ட உலர்மீனும் கிடைக்கும் என்கிறது பாட்டு. தேறலைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மீன் இன்றும் இருக்கிறது. கருவாட்டுக்கு உப்பும் இங்கேயே இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு பூமீஸ்வரர் கோயிலுக்கு நடக்கலாம். முதலாம் இராசராசன் காலத்தது என்று சொல்லப்படும் கற்றளி; இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. கோபுரத்தைத் தேடி அண்ணாந்து பார்க்க வேண்டாம், அடித்தளத்துக்கு வாருங்கள். சுற்றிலும் சோழர் எழுத்துகள். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும் நேரம்தான் இதற்கு உகந்தது. வெட்டின் ஒரு கரையில் ஒளியும் மறு கரையில் நிழலும் நிற்க, எழுத்து கல்லிலிருந்து எழுந்து வரும். புள்ளி வைக்கும் வழக்கம் அன்று பெரும்பாலும் இல்லை. ககரமும் தகரமும் சங்கிலியாகக் கோத்து ஓடுகின்றன. ககரத்தின் வளைவை மட்டும் விரலால் தொடாமல் கண்ணால் தடவிப் பாருங்கள். உளி எங்கே ஆழமாகத் தொடங்கியது, எங்கே மெலிந்து விலகியது என்பது தெரியும். ஆயிரம் ஆண்டு உப்புக்காற்று எழுத்துகளின் கூர்முனைகளை மழுக்கியிருக்கிறது. வெட்டியவன் கொடுக்காத ஒரு மென்மையைக் காற்று கொடுத்துவிட்டது. கொடை, நிலம், விளக்கு என்று கணக்குப் பேசும் வரிகள்தான் சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும்; கணக்கை இத்தனை அழகான கையெழுத்தில் எழுதிவைத்தவர்களை என்னவென்று பாராட்டுவது!

மரக்காணத்துக் கடற்கரையில் சற்று நிற்போம். இந்தக் கரையைப் பற்றிச் சிறுபாணாற்றுப்படை சொல்லும் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிரியமானது. அலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரக்கட்டைகள் மணலில் கிடக்கின்றன; அவை படுத்து உறங்கும் ஒட்டகங்களாகப் புலவனுக்குத் தோன்றுகின்றன. நெய்தல் நிலத்தில் ஒட்டகம்! அந்தக் கட்டைகளை விறகாக எரித்துத்தான் நுளையர் மகள் தேறல் அடுகிறாளாம். எந்தக் காட்டில் விளைந்து, எந்த ஆற்றில் விழுந்து, எத்தனை நாள் மிதந்து வந்த அகிலோ. கரை சேர்ந்த களைப்பு முழுதும் அந்த உறக்கத்தில் இருக்கிறது.

நீர் கொண்டுவந்து போட்ட மரங்கள் என்றதும் திருவக்கரையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பக்கம், வக்கிரகாளியும் மும்முக லிங்கமும் உள்ள ஊர். அங்கே இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வேரும் கிளையும் இல்லாத அடிமரங்கள். ஆண்டு வளையமும் கணுவும் அப்படியே கல்லில். 1781இல் அவற்றைப் பதிவு செய்தவர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலார். ஆரோவில்லின் செம்மேடும் அந்த மரங்கள் புதைந்த பாறையும் ஒரே படிவம்தான். சிறுபாணன் அவற்றைப் பார்த்திருந்தால் என்ன உவமை சொல்லியிருப்பான் என்று யோசித்துக்கொண்டே நாம் வடக்கே போகலாம்.

கடப்பாக்கத்தில் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் ஆட்சிக் காலத்தில் எழுந்தது. நாணயம் அடித்த இடம்; உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் கப்பலேறிய துறை. 1750இல் தக்காணச் சுபேதார் முசாபர் ஜங், தமக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறாக இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் கொடுத்தார். பத்தே ஆண்டு. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சத்தில் ஒரு பங்கை 2004 ஆழிப்பேரலை கொண்டுபோனது. டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இந்த ஊரின் பெயர் அடிக்கடி வந்துபோகும். அப்போது இது சந்தடி மிக்க ஊர்.

வீரமும் வீழ்ச்சியும் ஒரு பக்கம் கிடக்கட்டும். உடைந்த கொத்தளம் ஒன்றின் ஓரமாகப் போய்ச் சுவரைப் பாருங்கள். நம் வீட்டுச் செங்கல்லின் பாதித் தடிமன்கூட இல்லாத, மெல்லிய, செம்பழுப்புச் செங்கற்கள். இடையே சுண்ணாம்புச் சாந்து. அதில் வெள்ளைப் பொட்டுகளாக வேகாமல் தப்பிய சிப்பித் துணுக்குகள். கடற்காற்று செங்கல்லைத் தின்றுவிட்டு, சாந்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அதனால் சுவர் முழுதும் சிறு சிறு அறைகளாகக் குழிந்து, சாந்துக் கோடுகள் வெளியே புடைத்து நிற்கின்றன. கட்டும்போது இரண்டு கல்லுக்கு நடுவே மறைந்திருக்க வேண்டிய சாந்து, இப்போது தானே சுவராக நிற்கிறது. கொத்தனின் கரண்டி கடைசியாக வழித்த தடம்கூட அதில் சில இடங்களில் தெரிகிறது. கரண்டியைச் சற்று இடப்பக்கம் சாய்த்து வழிக்கும் பழக்கம் அவனுக்கு. அரசுகளின் பெயர் மாறிக்கொண்டே இருந்த இந்த இடத்தில் மாறாமல் நிற்பது அந்தப் பெயர் தெரியாத கையின் சாய்வு.

கொத்தளத்தின் மேலேறி நின்றால் முன்னே கழிமுகம், அதற்கப்பால் மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். மீனவர் படகுகள் நிற்கும். பேரம் பேசி ஏறினால் திட்டுவரை கொண்டுபோய் விடுவார்கள். மாலை வெயிலில் செங்கல்லின் நிறமும் நீரின் நிறமும் ஒன்றையொன்று ஏற்றிக் காட்டும். கைப்பேசியை எடுப்பதற்கு முன் ஒரு ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள் என்பது என் விண்ணப்பம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கடப்பாக்கமும் ஆலம்பரையும் இன்றைய இடைக்கழிநாடு பேரூராட்சிக்குள் இருக்கின்றன. சிறுபாணாற்றுப்படை பாடியவரின் பெயர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த நல்லூரும் இந்தப் பேரூராட்சியில்தான். உறங்கும் ஒட்டகத்தைக் கண்ட கண் இந்தக் கழிகளுக்கும் உப்புக்கும் நடுவே பழகிய கண்தான்.

போக நினைப்பவர்களுக்கு: கழுவெளிப் பறவைகள் வேண்டுமென்றால் மார்கழி, தை. உப்பு பூப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மாசி முதல் புரட்டாசிவரை. அதிலும் பங்குனி, சித்திரை நல்லது. வரப்பில் ஏறுவதற்கு முன் வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். மிதித்து இறுக்கிய தளத்தில் நம் குதிகால் பட்டால் அவர்கள் மறுபடி மிதிக்க வேண்டும். ஆலம்பரையிலிருந்து ஒரு செங்கல் துண்டுகூட எடுத்து வராதீர்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும், அடுத்த தைவரை காத்திருக்க வேண்டியதுதான்.